இடது கரையில் பதினாறு, வலது கரையில் பதினாறு

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையிலும் மின்கட்டண ரசீதிலும் அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி மீனவர் தெருவில் விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். பதினாறு எங்கே இருப்பார் என்று கேளுங்கள், நண்டும் சிண்டும்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடும். பிள்ளைகளுக்கு அவர் பதினாறு மாமா. கோபம் தலைக்கேறினால் அவருடைய மனைவியே, இந்தப் பதினாறுக்குக் கழுத்தை நீட்டிய நேரம் என்றுதான் புலம்ப ஆரம்பிப்பார்.

அவர் பிறவி மீனவர். ஆற்றில் வலை போட்டு எடுத்து வருவதை மனைவி கூடையில் வைத்து விற்றுவிட்டு வருவார். இந்தப் பிழைப்புக்கு நடுவில்தான் ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு அரசாங்கப் பதவி அவரைத் தேடி வந்தது. பகுதிநேர நீர்நாய்க் கணக்கெடுப்பாளர். பதவியோடு ஒரு பச்சைத் தொப்பி, ஒரு கண்ணில் மட்டும் தெரிகிற பைனாகுலர், நீளமான பதிவேடு ஒன்று. பதிவேட்டில் வயது, ஆணா பெண்ணா, உடல்நிலை, குறிப்பு என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள்.

நீர்நாய்க்கும் மீனவனுக்கும் என்ன உறவு என்பது தெரியாதவர்கள்தான் இந்தப் பதவியை உண்டாக்கியிருக்க வேண்டும். விடியற்காலையில் வலையைத் தூக்கினால், நல்ல மீனாகப் பார்த்து வயிற்றை மட்டும் தின்றுவிட்டுத் தலையை மரியாதையாக மிச்சம் வைத்திருக்கும். போகிற வழியில் வலையையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருக்கும். மூன்று நாள் உட்கார்ந்து வலையைப் பின்னினால் நான்காம் நாள் மறுபடியும் வந்துவிடும். பதினாறு கிழிந்த வலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அதைக் கிழித்த பேர்வழிக்கு இன்னொரு கையால் 'உடல்நிலை: மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அப்படியிருந்தும் ஏன் ஒப்புக்கொண்டார் என்றால், தண்ணீருக்காக. அந்த ஆறு இரண்டு அரசாங்கங்களுக்குச் சொந்தம். இடது கரை ஒருவருக்கு, வலது கரை இன்னொருவருக்கு, நடு ஆற்றில் எல்லைக்கோடு. மேலே இருவருக்கும் பொதுவாக ஒரு அணை. கோடை வந்தால் அணைத் தண்ணீர் முழுக்க மேல்பகுதிக் கரும்புக்குப் போய்விடும், கீழே ஆறு குட்டை குட்டையாகக் கிடக்கும். எங்களுக்கும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள் என்று மீனவர்கள் முப்பது வருஷமாக மனு கொடுத்தார்கள். பதினாறின் அண்ணன்தான் மீனவர் சங்கத் தலைவர். மனு எழுதி எழுதி அவருடைய கையெழுத்தே திருந்திவிட்டது. தண்ணீர் மட்டும் வரவில்லை. அப்புறம் எங்கிருந்தோ நிபுணர்கள் வந்தார்கள், இந்த ஆற்றில் இருப்பது அரிய வகை நீர்நாய், கோடையில் தண்ணீர் இல்லாவிட்டால் அழிந்துவிடும் என்று அறிக்கை கொடுத்தார்கள். இரண்டு அரசாங்கமும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஒப்பந்தம் போட்டன. கோடையில் நாற்பது நாள் தண்ணீர். மனுஷன் கேட்டபோது அணையில் இல்லாத தண்ணீர், நாய்க்கு என்றதும் மதகைத் திறந்துகொண்டு வந்தது.

அந்த நாற்பது நாள்தான் தெருவுக்கு வருஷம் முழுக்கச் சோறு. தண்ணீர் ஓடினால் மீன் நிற்கும், மீன் நின்றால் இருபத்திரண்டு வீட்டில் அடுப்பு எரியும்.

ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. நீர்நாய்கள் பன்னிரண்டுக்குக் கீழே குறைந்தால் ஆபத்து நிலை, அந்தப் பகுதியில் மீன்பிடிக்கவே தடை. இருபத்தைந்துக்கு மேலே போனால் மீட்பு நிலை, இனம் பிழைத்துவிட்டது, திட்டம் முடிந்தது, கோடைத் தண்ணீரும் முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் தண்ணீரும் உண்டு, வலையும் உண்டு. வீட்டுக்கு வந்து பதினாறு இதை விளக்கியபோது அவர் மனைவி மீன் செதில் உரசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அப்படியானால் அது செத்தாலும் நமக்குக் கேடு, குட்டி போட்டாலும் நமக்குக் கேடு, அளவாகக் குடும்பம் நடத்தச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் வருஷம் பதினாறு உயிரைக் கொடுத்து எண்ணினார். ஒரு மாதம் இருட்டு விலகுமுன் தோணியை எடுத்துக்கொண்டு போய், பாறை பாறையாக எச்சம் பார்த்து, கரையில் வளை பார்த்து, நாணலுக்குள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். தாடைக்குக் கீழே உள்ள வெளிர் நிறத் திட்டு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம் என்று கண்டுபிடித்தார். அடையாளத்துக்குப் பெயரும் வைத்தார். கொழுத்த ஆண் ஒன்று, எல்லோருடைய வலையையும் முறைவைத்துப் பார்வையிட்டு நல்ல மீனை எடுத்துக்கொண்டு போகும். அதற்கு இன்ஸ்பெக்டர். நான்கு குட்டிகளை வரிசையில் விட்டு, வரிசை கலைந்தால் சீழ்க்கை அடிக்கிற பெண் ஒன்று. அதற்கு டீச்சர். எண்ணி முடித்தபோது பதினாறு. சுத்தமான, நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடிய பதினாறு.

வலது கரைக்கும் ஒரு கணக்கெடுப்பாளர் இருந்தார். அவர் வேறு யாருமில்லை, பதினாறின் சம்பந்தி. பதினாறின் மகளை அக்கரையில்தான் கொடுத்திருந்தார்கள். சம்பந்தி முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், எப்போது பார்த்தாலும் மடிப்புக் கலையாத சட்டை. தண்ணீரைக் கண்டால் பயம். மகன் கல்யாணத்துக்கே தோணியில் ஏற மாட்டேன் என்று பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தவர். உள்ளூரில் நாலு பேருக்குத் தெரிந்தவராக, எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அந்த அரசாங்கம் கேட்டது. கடையில் நாலு பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள், பத்திரிகையும் வரும். போதாதா?

கடைசி நாளன்று சம்பந்தி போன் போட்டார். நீங்கள் எவ்வளவு போட்டீர்கள் என்று விசாரித்தார். பதினாறு சொன்னதும், நானும் அதையே போட்டுவிடுகிறேன், இரண்டு கரையும் ஒத்துப்போனால் மேலே சந்தேகம் வராது பாருங்கள் என்றார். மகளைக் கொடுத்த இடம். பதினாறால் என்ன பேச முடியும்? சரி என்றார்.

மறு வருஷம் பதினெட்டு இருந்தது. பதினாறு சந்தோஷமாகப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒற்றை அறை, இரண்டு மேஜை, அதில் ஒன்றுக்கு மூன்று கால், நாலாவது காலுக்குப் பழைய ஆண்டறிக்கைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கிருந்த எழுத்தர் பதிவேட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எண் மாறினால் மாற்ற விளக்கப் படிவம் வேண்டும், ஒன்பது பக்கம், நான்கு நகல். ஏன் கூடியது, எந்த நடவடிக்கையால் கூடியது, பொறுப்பு அதிகாரி யார், அக்கரைக்கும் அதே எண்தானா, இல்லையென்றால் ஏன் இல்லை? மாறாவிட்டால் எதுவும் வேண்டாம், 'மாற்றமில்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும். எழுத்தர் நல்ல மனுஷன். பேனாவின் மூடியைத் திறந்து பதினாறின் கையில் கொடுத்தார், டிக் போட வேண்டிய இடத்தையும் விரலால் காட்டினார்.

அந்த வருஷம் போட்ட டிக்குதான். ஆக மொத்தம் ஆறு வருஷமும் பதினாறு. நீர்நாய் பிறந்தாலும் பதினாறு, போனாலும் பதினாறு. பெயர் வந்த கதை இதுதான்.

இதற்கு நடுவில் வாழ்வாதாரப் பிரிவு என்று ஒன்று முளைத்தது. நீர்நாய்ப் பிரிவு இரண்டாவது மாடி என்றால் இவர்கள் மூன்றாவது மாடி. ஒருவர் மாடிக்கு ஒருவர் போவதில்லை. நீர்நாய் வலையைக் கிழிக்கிறது என்று மீனவர்கள் கொடுத்த புகார்களை எல்லாம் அவர்கள் அக்கறையாகப் படித்தார்கள். மூன்றாவது வருஷ முடிவில் வீட்டுக்கு இரண்டு வலை இலவசமாகக் கொடுத்தார்கள். மெல்லிய நைலான், தண்ணீரில் போட்டால் கண்ணுக்கே தெரியாது, நீர்நாய் என்ன, முதலை வந்தாலும் கிழியாது. தெருவே வாயாரப் புகழ்ந்தது. அடுத்த ஆண்டறிக்கையில் 'வலைக் கிழிப்புப் புகார்கள்: பூஜ்யம்' என்று வண்ணத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு மீனவர் சிரிக்கிற படமும் போட்டார்கள்.

கிழியாத வலையில் மாட்டினால் நீர்நாய் எப்படி வெளியே வரும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அது இரண்டாவது மாடி விஷயம் என்றிருப்பார்கள்.

எப்படி வரும் என்று பதினாறுக்கு ஐந்தாவது வருஷம் தெரிந்தது. நாணலோரம் போட்டிருந்த தன் வலையைக் காலையில் இழுத்தபோது கனத்தது. பெரிய மீன் என்று மனைவியிடம் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும் என்று நினைத்து ஆசையாக இழுத்தார். டீச்சர். உடம்பு முழுக்க நூல் சுற்றி, வாய்க்குள்ளும் நூல், கடித்துப் பார்த்திருக்கிறது. மடியில் பால் கட்டியிருந்தது. நாணலுக்குள்ளிருந்து குட்டிகள் விட்டு விட்டுக் கத்திக்கொண்டே இருந்தன. பதினாறு தோணியில் உட்கார்ந்து அழுதார். வலை போட்டவன் அழுவது வெட்கக்கேடு என்று அவருக்கே தோன்றியது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. பிறகு மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். அந்த வாரம் பதிவேடு கொடுக்க வேண்டிய வாரம். 'மாற்றமில்லை' கட்டத்தில் டிக் போட்டார்.

அந்த வருஷம் நிஜத்தில் பதினொன்று. ஆறாவது வருஷம் ஒன்பது. தெருவில் மற்றவர்கள் வலையிலும் மாட்டியிருக்கும், எல்லோரும் காதும் காதும் வைத்தமாதிரி புதைத்திருப்பார்கள். பன்னிரண்டுக்குக் கீழே என்று எழுதினால் வலைக்குத் தடை வரும். இருபத்திரண்டு அடுப்பு. அவர் மனசாட்சியையும் பதிவேட்டையும் ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

அப்போதுதான் கூட்டல் மேடம் வந்தார். இரண்டு அரசாங்கமும் தனித்தனியாக வேலை செய்வது சரியில்லை, ஆறு ஒன்று, நிர்வாகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒருங்கிணைந்த ஆணையம் அமைத்து, அதற்கு இளம் அதிகாரி ஒருவரைப் போட்டார்கள். கெட்டிக்காரர், சுறுசுறுப்பு, எட்டு மணிக்கே அலுவலகத்துக்கு வந்துவிடுவார். வந்த முதல் வாரத்தில் இரண்டு கரைப் பதிவேடுகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆறு வருஷத்தில் யாருக்கும் தோன்றாத ஒரு காரியத்தைச் செய்தார். கூட்டினார். பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு.

முப்பத்திரண்டு! இருபத்தைந்தைத் தாண்டி ஏழு அதிகம். மீட்பு நிலை. நாட்டிலேயே முதல் முறை. தொலைக்காட்சியில் சொன்னார்கள். இந்தக் கோடையிலிருந்து தண்ணீர் திறப்பு தேவையில்லை என்று கோப்பு நகர்ந்தது, வெற்றி விழாவுக்குத் தேதி குறித்தார்கள். சிறப்பாகப் பணியாற்றிய இரு கரைக் கணக்கெடுப்பாளர்களுக்கும் மேடையில் கேடயம்.

அதற்குப் பிறகு ஊர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். ஆறு வருஷமாக நீர்நாயைத் தண்ணீர்த் திருடன் என்று திட்டிக்கொண்டிருந்த கரும்புச் சங்கம் ஒரே வாரத்தில் 'நீர்நாய் நம் பெருமை' என்று பேனர் கட்டியது. அவர்கள் சங்கச் செயலாளர் பேட்டியில், நான் நேற்று ஒரே இடத்தில் பதினைந்து பார்த்தேன் என்றார். அவர் ஆற்றுப் பக்கம் வந்தே பல வருஷம் இருக்கும். இந்தப் பக்கம் மீனவர்கள், பாவம் அந்த ஜீவன், கண்ணிலேயே படுவதில்லை என்று உருக ஆரம்பித்தார்கள். நீர்நாய்க் குட்டியைக் கல்லால் அடித்து விரட்டிய ஆள்கள் எல்லாம் அதற்காகக் கண் கலங்கினார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, ஒரே வாரத்தில் பத்து செத்துவிட்டதாக எழுது என்றார். பத்துக்குப் பத்துப் பிணம் கேட்பார்களே என்றார் பதினாறு. ஆற்றோடு போய்விட்டது என்று எழுது என்றார் அண்ணன். ஆற்றில்தான் தண்ணீர் இல்லையே என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அண்ணன் போகும்போது தம்பியின் தோளில் கை வைத்தார். எப்படியோ அந்த முப்பத்திரண்டைக் குறை, தெருவே உன்னை நம்பித்தான் இருக்கிறது என்றார்.

சம்பந்தி பாலத்தைச் சுற்றிக்கொண்டு மறுநாள் வந்து சேர்ந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. ஆறு வருஷமாகத் தான் ஆற்றங்கரைக்கே போனதில்லை என்பது தெரிந்தால் உத்தியோகம் மட்டுமா போகும், வழக்கு வரும், உங்கள் மகள் இருக்கும் வீடு அது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். கேடயத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இறங்கிவிடலாம் என்பது அவருடைய திட்டம். சொல்லிவிட்டு, வந்ததற்குப் பதினாறின் தலைமுடியையும் வெட்டிவிட்டார். மேடையில் நன்றாகத் தெரிய வேண்டுமாம்.

இரண்டு நாள் பதினாறு சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு கரைப் பதினாறும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. முப்பத்திரண்டு பதினாறாகிவிடும். தண்ணீர் வரும், வலையும் இருக்கும். மனைவியிடம் சொன்னார். அவர், நிஜமாகவே எத்தனை இருக்கிறது என்று கேட்டார். ஆறு வருஷத்தில் பதினாறிடம் இதைக் கேட்ட முதல் ஆள் மனைவிதான். பதினாறு சொன்னார். டீச்சரைப் பற்றியும் சொன்னார். மனைவி எழுந்து போய் மூலையில் கிடந்த நைலான் வலையைக் காலால் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பதினாறுன்னு சொன்னா இந்த வலை இருக்கும். இந்த வலை இருந்தா அடுத்த வருஷம் ஒன்பதும் இருக்காது. அப்புறம் எதைக் காட்டித் தண்ணி கேப்பீங்க?" என்றார்.

பதினாறுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது தனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. அந்த ராத்திரி வழி ஒன்று தெளிவாகத் தெரிந்த மாதிரி இருந்தது அவருக்கு. உள்ளதைச் சொல்லிவிடுவது. ஒன்பதுதான் மிச்சம், காரணம் இந்த வலை, இதை எடுத்துக்கொண்டு எங்கள் பழைய தடி நூல் வலையைப் போட விடுங்கள், அது கிழிந்தால் கிழியட்டும், நாங்கள் பின்னிக்கொள்கிறோம். நீர்நாயும் பிழைக்கும், நாமும் பிழைப்போம். இதில் ஒப்புக்கொள்ள முடியாதது என்ன இருக்கிறது? படித்தவர்கள், எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பினார். பாவம், நிஜமாகவே நம்பினார்.

விழா நகராட்சி மண்டபத்தில். எந்தக் கரை அரசாங்கச் செயலாளர் நடுவில் உட்காருவது என்பதில் தகராறு வந்து, கடைசியில் நடு நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு இருவரும் இரண்டு பக்கம் உட்கார்ந்தார்கள். முதல் வரிசை முழுக்கக் கரும்புச் சங்கம். மூன்றாவது வரிசையில் அண்ணனும் தெருக்காரர்களும். மேடையில் பதினாறும் சம்பந்தியும் ஒரே மாதிரி முடிவெட்டோடு. பேச்சுகள் முடிந்து, கேடயம் கொடுத்து, கூட்டல் மேடம் பதினாறின் கையில் மைக்கைக் கொடுத்து, உங்கள் அனுபவத்தை இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

"மேடம், அந்தக் கரைப் பதினாறும் இந்தக் கரைப் பதினாறும் வேற வேற இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் பதினாறு.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். இரண்டு அரசாங்கத்தின் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு செயலாளர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். கைதட்டல் அடங்கும்வரை பதினாறு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, நீர்நாய் இக்கரையில் தூங்கி அக்கரையில் சாப்பிடும், நான் எண்ணியதைத்தான் அங்கேயும் எழுதினார்கள், நீங்கள் ஒன்றையே இரண்டு தடவை கூட்டிவிட்டீர்கள் என்று நிதானமாக விளக்கினார். கரும்புச் சங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தி கேடயத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கூட்டல் மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனால் குரல் நடுங்கவில்லை. "அப்ப மொத்தமே பதினாறுதானா?" என்று கேட்டார்.

மூன்றாவது வரிசையில் அண்ணன், ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கேடயத்துக்குப் பின்னாலிருந்து சம்பந்தியின் தலையும் ஆடியது. ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் அன்று ராத்திரி தெருவே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கும். பதினாறுக்கு நாணலுக்குள் கத்திய குட்டிகளின் நினைவு வந்துவிட்டது.

"இல்ல மேடம். ஒன்பது" என்றார்.

சொல்லிவிட்டு வலையைப் பற்றியும் சொன்னார். தன் வலையில் செத்ததைச் சொன்னார். பழைய வலைக்கு அனுமதி கேட்டார். நன்றாகத்தான் பேசினார், திக்கவில்லை திணறவில்லை. நல்ல ஆலோசனை, குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். நிஜமாகவே ஒருவர் குறித்தும் கொண்டார்.

பத்து நாளில் அதிகாரிகள் கேமரா வைத்து எண்ணினார்கள். ஒன்பது. தண்ணீர் திறப்பு தொடரும் என்று ஆணை வந்தது. கூடவே இன்னொரு ஆணையும் வந்தது. ஆபத்து நிலை, எந்த வகை வலைக்கும் அனுமதி இல்லை, மறு அறிவிப்பு வரும்வரை தடை. தடி நூல் வலை என்ன ஆயிற்று என்றால், வலை மூன்றாவது மாடி, தடை இரண்டாவது மாடி, வலையின் வகையைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. பொய்க் கணக்குக் கொடுத்ததற்காகப் பதினாறின் பதவி போனது. சம்பந்தி தப்பித்தார். அவர் கொடுத்தது பொய் என்று நிரூபிக்க அவர் என்றைக்காவது எண்ணியிருக்க வேண்டும் அல்லவா? மூன்றாவது மாடிக்காரர்கள் தெருப் பெண்களுக்கு மாற்றுத் தொழில் பயிற்சி கொடுத்தார்கள். பஞ்சு அடைத்த நீர்நாய் பொம்மை தைப்பது. பதினாறின் மனைவி முதல் பொம்மையைத் தைத்து முடித்து, கண்ணுக்குப் பொத்தான் வைத்து, இதையாவது யாரும் எண்ணாமல் இருக்கட்டும் என்றார்.

தடை அறிவிப்பை ஒட்டக் கூட்டல் மேடமே நேரில் வந்தார். ஆளை அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். படித்துறைச் சுவரில் பசை தடவியபோது பதினாறு ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தார். ஆறு கரை ததும்பப் போய்க்கொண்டிருந்தது. முப்பது வருஷம் மனு எழுதியும் பார்க்காத தண்ணீர்.

"மேடம், பன்னெண்டுக்குக் கீழ போனா நீர்நாயைக் காப்பாத்தணும்னு இருக்கு. சரி. எங்க தெருவுல இருபத்திரண்டு வீடு. நாங்க எத்தனைக்குக் கீழ போனா எங்களைக் காப்பாத்தணும்னு எழுதியிருக்கு?"

பதினாறு கேலி செய்கிறாரோ என்று மேடம் அவர் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தெரிந்தது. கையிலிருந்த ஒப்பந்தத்தைப் புரட்டினார், உண்மையாகவே தேடினார், கடைசிப் பக்கம்வரை.

"அப்படி ஒரு பிரிவே இல்லீங்க" என்றார். ஒப்பந்தத்தை மூடிவிட்டு, மனுவாக எழுதிக் கொடுங்கள், நான் மேலே அனுப்புகிறேன் என்றும் சொன்னார். மனு எழுதுகிறவர் அண்ணன்தான். அண்ணன் பதினாறோடு பேசுவதை விழா நாளோடு நிறுத்தியிருந்தார்.

கோடை முடிவதற்குள் நான்கு வீடு காலி. ஐந்தாவதாக அண்ணன் வீடு. நகரத்தில் ஒரு கண்காட்சியில் மீன் தொட்டிகளைக் கழுவுகிற வேலை கிடைத்திருந்தது. வேன் வந்து நின்றது. பதினாறு கூப்பிடாமலே போய் ஒரு கை கொடுத்தார். பீரோவின் ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தம்பி. ஏற்றி முடித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டபோதுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"நாய்க்கு உண்மையைச் சொன்ன. தப்புன்னு சொல்லல. எங்களுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"ஆறு வருஷமா அதைத்தானேண்ணே சொன்னேன்" என்றார் பதினாறு. "அதுலதான் அது ஒன்பதாச்சு."

அண்ணன் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். வேன் படித்துறை வழியாகத் திரும்பும்போது நிறைந்து ஓடும் ஆற்றை அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பதினாறு தெருவில் நின்றபடி, பூட்டாத கதவுகளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எண்ணினார். பதினேழு. சரியாகத்தான் எண்ணினோமா என்று இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.